ஆட்ட உடுப்புக்குள் என்ன உடுப்பது? பரதம், கிராமிய நடனம், ஜிம்னாஸ்டிக் பழகத் தொடங்குவோருக்கு

மேடை உடுப்புக்குத் துணி எடுக்க யாழ்ப்பாணம் வரை போகிறோம். அதற்குள் உடுப்பதை மட்டும் நிகழ்ச்சிக்கு முதல்நாள் இரவு அலுமாரியைக் கிண்டி எடுத்துக் கொடுக்கிறோம். அரைமண்டியில் (முழங்கால்களைப் பக்கவாட்டில் விரித்துப் பாதி மடித்து நிற்கும் நிலை) இருக்கும்போது தையல் பிரிவது, கையைத் தூக்கினால் பட்டி வெளியே எட்டிப்பார்ப்பது, தொடை உரசிப் புண்ணாவது, ஒட்டியாணத்துக்குக் கீழே இலாஸ்டிக் வெட்டி வயிறு நோவது எல்லாம் அந்த ஓர் இரவின் அவசரத்தில் வருபவை. உள்ளுடுப்பு சரியாக இருந்தால் பிள்ளை அதை மறந்து ஆடும். சரியில்லை என்றால் ஆட்டம் முழுக்க அதன் நினைவாகவே இருக்கும்.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பக்கத்துப் பெற்றோருக்கும் புதிதாகப் பழகுவோருக்கும் பொறுப்பாசிரியர்களுக்கும் இது எழுதப்படுகிறது. நம்முடைய வெக்கை, புழுதி, பஸ் பயணம், கிணற்றுத் தண்ணீர் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்தே சொல்லியிருக்கிறது.

1. நாலு கிழமைக்கு முன்னரே தொடங்குங்கள்

முதல் கிழமை: உடை விதியைக் கேட்டு எழுதுங்கள், அளவெடுங்கள். இரண்டாம் கிழமை: வாங்குங்கள் அல்லது தைக்கக் கொடுங்கள். மூன்றாம் கிழமை: கழுவி, தேவையென்றால் சாயமேற்றி, பயிற்சிக்கு உடுக்கக் கொடுங்கள். நாலாம் கிழமை: முழு உடுப்போடு ஒத்திகை.

மேடையேற முன் உள்ளுடுப்பு குறைந்தது இரண்டு முறை கழுவப்பட்டிருக்க வேண்டும். புதுத் துணியில் கஞ்சியும் மொரமொரப்பும் இருக்கும், வியர்வையோடு சேர்ந்தால் அரிக்கும். பருத்தி முதல் கழுவலிலேயே சுருங்கவும் கூடும். மட்டுமட்டாக எடுத்த அளவு அதன்பின் பற்றாது.

2. உடை விதியை எழுத்தில் வாங்குங்கள்

தமிழ்த்தினப் போட்டி, வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சை, க.பொ.த சாதாரண தர நடனச் செய்முறைப் பரீட்சை, கோயில் திருவிழா மேடை, இல்ல மெய்வல்லுநர் போட்டியின் உடற்பயிற்சிக் கண்காட்சி என்று ஒவ்வொன்றுக்கும் எதிர்பார்ப்பு வேறு. பொறுப்பாசிரியரிடம் இவற்றைக் கேளுங்கள்: முழு மேடை உடுப்பா, பயிற்சிச் சேலையா? காலை மூட அனுமதி உண்டா? உள்ளுடுப்பின் நிறம் எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டுமா? உடுப்பு மாற்றுவதற்குக் கதவு பூட்டக்கூடிய அறை இருக்கிறதா? கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. அறை இல்லை என்றால் வீட்டிலிருந்தே உள்ளுடுப்பையும் பைஜாமாவையும் (பரத உடையில் கால்களுக்குப் போடும் பகுதி) உடுத்தி, மேலே ஒரு பெரிய சட்டையைப் போட்டு அனுப்ப வேண்டிவரும். அதற்கேற்றதைத்தான் தெரிவு செய்ய முடியும்.

ஜிம்னாஸ்டிக்கில் காலை மூட விரும்பும் குடும்பங்கள் தயங்க வேண்டியதில்லை. சர்வதேச விதிகள் கணுக்கால் வரை மூடும் ஒற்றை உடுப்பை அனுமதிக்கின்றன. 2021இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில் ஜேர்மனியப் பெண்கள் அணி அப்படித்தான் இறங்கியது. ஆனாலும் உங்கள் போட்டியின் ஏற்பாட்டாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

3. துணி: நடனத்துக்கு ஒன்று, ஜிம்னாஸ்டிக்குக்கு இன்னொன்று

புதியவர்கள் அதிகம் பிழைவிடும் இடம் இது. இரண்டுக்கும் ஒரே உள்ளுடுப்பை வாங்கிச் சமாளிக்கப் பார்க்கிறார்கள். இரண்டின் வேலையும் நேரெதிர்.

பரத உடை பட்டு. அதை ஒவ்வொரு நிகழ்ச்சிக்குப் பிறகும் தோய்க்க முடியாது. வியர்வை பட்ட இடம் நிறம் மாறும், நூல் நலியும். ஆகவே உள்ளே இருப்பது வியர்வையைக் குடித்துத் தன்னிடமே வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு மெல்லிய பருத்திதான் சரி. பனியனுக்குப் பாவிக்கும் பின்னல் துணி நல்லது, நெய்த சீத்தைத் துணி அக்குளில் மடிந்து உரசும்.

ஜிம்னாஸ்டிக் உடுப்பு உடலோடு ஒட்டிய இழுபடும் துணி. உள்ளே தடித்த பருத்தி இருந்தால் அது நனைந்து பாரமாகி மடிப்பு மடிப்பாகத் திரளும். குட்டிக்கரணம் போடும்போது அந்த மடிப்பு தோலை உரசும். இங்கே நைலோனும் லைக்ராவும் கலந்த மெல்லிய துணி வேண்டும், வியர்வை வெளியே போய்க் காய்ந்துவிடும். கவட்டுப் பகுதியின் உட்புறத் துண்டு மட்டும் பருத்தியாக இருக்கட்டும். வாங்கும்போது புரட்டிப் பாருங்கள், தனித் துண்டாகத் தைத்திருப்பார்கள்.

கரகம், காவடி, கும்மி, கோலாட்டம் போன்றவற்றுக்குப் பாவாடை தாவணிதான் பெரும்பாலும். அங்கே துணியைவிட நீளமும் நிறமும் முக்கியம், கீழே சொல்கிறேன்.

4. அளவு

வயதைச் சொல்லி வாங்காதீர்கள். வளரும் பிள்ளைக்கு மூன்று மாதத்துக்கொரு முறை அளவெடுத்துக் கொப்பியில் திகதியோடு எழுதி வையுங்கள். அம்மாவோ அக்காவோ வீட்டில் எடுப்பதே நல்லது, கடையிலோ தையற்காரரிடமோ அந்தத் தாளைக் கொடுத்தால் போதும். எடுக்க வேண்டியவை: மார்புச் சுற்று, இடுப்பு, இடுப்புக்குக் கீழே அகலமான பகுதி, தொடைச் சுற்று. ஜிம்னாஸ்டிக் உடுப்புக்கு இன்னொன்றும் வேண்டும். தோளில் தொடங்கி முன்பக்கமாக இறங்கி, கால்களுக்கிடையே போய், முதுகு வழியாக அதே தோளுக்கு வந்துசேரும் முழுச் சுற்று. இதை விட்டுவிட்டால் உடுப்பு தோளை அழுத்தும், உள்ளே போடுவது எதுவும் இடத்தில் நிற்காது.

தொடையை இரு நிலையில் அளவெடுங்கள்: நேராக நிற்கும்போதும், அரைமண்டியில் முழங்கால்கள் பக்கவாட்டில் விரிந்து இருக்கும்போதும். பெரிய எண்ணுக்குத்தான் வாங்க வேண்டும். நிற்கும்போது எல்லாமே பொருந்தும். இருந்து பார்த்தால்தான் குறை தெரியும்.

இலாஸ்டிக்கின் இறுக்கத்துக்கு ஒரு சோதனை: இரண்டு விரல் சிரமமில்லாமல் உள்ளே போக வேண்டும். அரை மணி நேரம் உடுத்திக் கழற்றியபின் தோலில் ஆழமான சிவப்புக் கோடு இருந்தால் அந்த அளவு வேண்டாம்.

5. நிறம்

வெள்ளை உடுப்புக்குள் வெள்ளை போட்டால் தெரியாது என்று பலர் நினைக்கிறார்கள். தெரியும். மெல்லிய துணிக்குப் பின்னால் தோல் ஒரு நிறமாகவும் வெள்ளை இன்னொரு நிறமாகவும் இருப்பதால் அதன் ஓரம் கோடாக விழும், மேடை வெளிச்சத்தில் இன்னும் கூடுதலாக. தோலின் நிறத்தில் இருப்பதுதான் மறையும். கடையில் ‘ஸ்கின் கலர்’ என்று தருவது பெரும்பாலும் வெளிறிய சந்தன நிறம், நம் பிள்ளைகள் பலருக்கு அது பொருந்தாது. முன்கையில் வைத்துப் பாருங்கள். பால்தேநீர், வெறுந்தேநீர், கோப்பி என்று பிள்ளையின் நிறத்துக்குக் கிட்டியதை எடுங்கள்.

கிடைக்காவிட்டால் வீட்டிலேயே ஏற்றலாம். ஒரு லீற்றர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி தேயிலைத் தூளைப் போட்டு ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு வடியுங்கள். வெள்ளைப் பருத்தி உடுப்பை முதலில் வெறும் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, பின் அந்தச் சாயத்தில் இருபது முதல் முப்பது நிமிடம் வையுங்கள். இடையிடையே கிளறாவிட்டால் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். ஈரத்தில் தெரிவதைவிடக் காய்ந்ததும் ஒரு படி வெளிறும், அதை நினைத்துக் கொஞ்சம் கருமையாகவே எடுங்கள். பொலியெஸ்டரில் தேயிலைச் சாயம் பிடிக்காது, முயல வேண்டாம். சில கழுவலுக்குப் பின் நிறம் போய்விடும், திரும்ப ஏற்றலாம்.

பாவாடை, தாவணி, சுழன்றாடும் உடை எதுவானாலும் உள்ளே போடும் சோட்ஸ் பாவாடையின் நிறத்திலேயே இருக்கட்டும். சோளகம் அடிக்கும் மாதங்களில் திறந்தவெளி மேடையில் பாவாடை எழும்பாது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஒரே நிறம் என்றால் எழும்பினாலும் உடுப்பின் பகுதியாகவே தெரியும்.

சரிபார்க்கும் முறை: முழு உடுப்பையும் உடுத்திய பின் பிரகாசமான டோச் லைட்டை முன்னாலும் பின்னாலும் பிடித்து அம்மா பார்க்கட்டும். இதற்காகப் படம் எடுத்து யாருக்கும் வட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டாம்.

6. பரத உடைக்குள்

மேலே: சிறு பிள்ளைக்குக் கையில்லாத மெல்லிய பருத்திப் பெனியன். அதன் கழுத்து, சட்டைக் கழுத்தைவிட 2 முதல் 3 சென்ரிமீற்றர் கீழே வெட்டப்பட்டிருக்க வேண்டும். வளர்ந்த பிள்ளைக்கும் பெரியவர்களுக்கும் பஞ்சு வைக்காத, கம்பி இல்லாத, அகலப் பட்டியுள்ள, தலைவழியாகப் போடும் வகை. பின்னால் கொழுக்கி உள்ளதை வாங்கினால் சட்டையின் கொழுக்கிவரிசையோடு ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி முதுகில் குத்தும்.

ஆட்டத்தின் தொடக்க நிலையான நாட்டியாரம்பத்தில் கை தோள் உயரத்துக்கு நீண்டு நிற்கும்போது பட்டி சரிந்து வெளியே வருவது வழக்கமான தொல்லை. சட்டைப்பின் குத்தாதீர்கள், கழன்றால் தோலில் ஏறும். சட்டையின் தோள் மடிப்புக்குள் 5 சென்ரிமீற்றர் ரிபன் துண்டின் ஒரு முனையைத் தைத்து, மறுமுனையில் பிரஸ் பட்டன் வையுங்கள். பட்டியை அதற்குள் விட்டுப் பூட்டினால் அசையாது. தையற்காரருக்குப் பத்து நிமிட வேலை.

அக்குளுக்கு அரைவட்டமாக வெட்டிய இரண்டு மடிப்புப் பருத்தித் துண்டு, இரண்டு சோடி. சட்டைக்குள் பெரிய இழையாக ஓட்டித் தைத்தால், நிகழ்ச்சி முடிந்ததும் பிரித்தெடுத்துத் தோய்க்கலாம். பட்டுச் சட்டையின் ஆயுளைக் காப்பது இந்தத் துண்டுதான். வைகாசியில், வற்றாப்பளைப் பொங்கல் காலத்து வெக்கையில் ஆடுகிறவர்கள் இதை விடவே கூடாது.

கீழே: உடலோடு ஒட்டும் சோட்ஸ், தொடையின் நடுவோடு முடிய வேண்டும். முழங்காலுக்குக் குறைந்தது 8 சென்ரிமீற்றர் மேலே நிற்கட்டும். முழங்கால் வரை நீண்டால், முழுதாகக் குந்தும் முழுமண்டியில் காலின் மடிப்புக்குள் திரண்டு இரத்த ஓட்டத்தை அழுத்தும். தடித்த விளிம்பு இருந்தால் பைஜாமாவின் மேல் கோடாக விழும், ஆகவே மடித்துத் தைக்காத தட்டையான விளிம்பாகப் பாருங்கள்.

இடுப்பைத்தான் வடிவாகக் கவனிக்க வேண்டும். உள்ளுடுப்பின் இலாஸ்டிக், சோட்ஸின் இலாஸ்டிக், பைஜாமாவின் நாடா, விசிறியின் (முன்னால் விரியும் மடிப்புத் துணி) பட்டி, அதற்கு மேல் ஒட்டியாணம். ஐந்தும் ஒரே வரியில் வந்தால் மூச்சு முட்டும், வயிறு பிரட்டும். சோட்ஸ் தொப்புளுக்குக் கீழே தாழ்வாகவும், பைஜாமா அதற்கு 2, 3 சென்ரிமீற்றர் மேலேயும், ஒட்டியாணம் தனியாக இடுப்பின் ஒடுங்கிய பகுதியிலும் இருக்கும்படி படிப்படியாக ஏற்றுங்கள். சோட்ஸுக்கு 2 சென்ரிமீற்றர் அகலத் தட்டை இலாஸ்டிக் நல்லது, ஒடுங்கியது கயிறாக முறுகும்.

பைஜாமாவைத் தைக்கக் கொடுக்கும்போதே கால்கள் பிரியும் இடத்தில் சாய்சதுரத் துண்டு ஒன்று, பக்கம் 10 சென்ரிமீற்றர் அளவில், வைக்கச் சொல்லுங்கள். நாலு தையலும் ஒரே புள்ளியில் கூடினால் அரைமண்டியில் அந்தப் புள்ளிதான் முதலில் பிரியும்.

நாடா பற்றி ஓர் எச்சரிக்கை. முடிச்சை இறுக்கிவிட்டால் பிள்ளையால் தனியாக அவிழ்க்க முடியாது. கழிப்பறைக்குப் போகச் சிரமம் என்று காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பிள்ளைகள் பலர். இந்த வெக்கையில் அது மயக்கத்தில் முடியும். பைஜாமாவுக்கு இலாஸ்டிக் வைத்து, நாடாவைச் சுருக்கு முடிச்சாக மட்டும் கட்டுங்கள். மேலுக்கும் கீழுக்கும் ஒன்றாக உள்ள உள்ளுடுப்பைப் பரத உடைக்குள் போடவே வேண்டாம்.

பாவாடை தாவணிக்கு: உட்பாவாடை வெளிப்பாவாடையைவிட 4 சென்ரிமீற்றர் கட்டையாக, பக்கத்தில் முழங்கால் வரை வெட்டோடு இருக்கட்டும். வெட்டில்லாத ஒடுங்கிய உட்பாவாடையோடு கும்மியில் பின்னடி வைத்தால் கால் தடக்கும்.

7. ஜிம்னாஸ்டிக், உடற்பயிற்சிக் கண்காட்சி

ஜிம்னாஸ்டிக் உடுப்பின் கால் வெட்டு உயர்வாக இருக்கும். சாதாரண உள்ளுடுப்பின் ஓரம் அதற்கு வெளியே தெரியும், தெரிந்தால் போட்டியில் புள்ளி குறையலாம். தாழ்ந்த இடுப்பும் உயர்ந்த கால் வெட்டும் உள்ள, தையல் விளிம்பு இல்லாத, தோல் நிற வகையை எடுங்கள். சில உடுப்புகளுக்கு உட்துணி இரட்டையாகவே தைக்கப்பட்டிருக்கும், அதற்குள் வேறெதுவும் போடாத வழக்கமும் உண்டு. எது வசதி என்பதைப் பிள்ளையே சொல்லட்டும், கட்டாயப்படுத்த வேண்டாம். மேலே சோட்ஸ் போட அனுமதி இருந்தால் கேள்வியே எழாது.

மார்புக்கு: முதுகில் குறுக்காகச் சேரும் பட்டியுள்ள ஸ்போர்ட்ஸ் பிரா. உலோகக் கொழுக்கி, கம்பி, பிளாஸ்டிக் வளையம், சட்டைப்பின் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது. முதுகால் உருளும்போது முழுப் பாரமும் அந்த உலோகத்தின் மேல் விழும், நேரே முள்ளந்தண்டில். நடன உள்ளுடுப்பையே போட்டுக்கொண்டு பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

நம் பாடசாலைகள் பலவற்றில் கண்காட்சிக்கு ரீசேட்டும் காற்சட்டையும்தான். தலைகீழாக நிற்கும்போது ரீசேட் முகத்தில் விழும், பிள்ளை பார்வை மறைந்து சமநிலை இழக்கும். உள்ளே ஒட்டிய பெனியன் ஒன்றும், ரீசேட்டைக் காற்சட்டைக்குள் ஆழமாகச் செருகி இலாஸ்டிக் பட்டி ஒன்றும். காற்சட்டை அகலக் காலாக இருந்தால் உள்ளே அதே நிறத்தில் சைக்கிள் சோட்ஸ்.

பிரமிட் அமைப்பவர்கள் இன்னொன்றைக் கவனியுங்கள். கீழே நிற்பவரின் தொடையிலும் தோளிலும் மேலே ஏறுபவரின் கால் பதிய வேண்டும். வழுவழுப்பான நைலோன் வெளியே இருந்தால் வழுக்கும். கீழ் வரிசைக்குப் பருத்திக் காற்சட்டை வெளியே, நைலோன் உள்ளே. கால், கை, தோள் எதிலும் அன்று எண்ணெய், வாசலின் பூசக் கூடாது.

8. ஆண் பிள்ளைகளுக்கு

தளர்ந்த உள்ளுடுப்பு வேண்டாம். ஒட்டிய, நன்றாகத் தாங்கும் கட்டைச் சோட்ஸ், பஞ்சகச்சத்துக்குள் தோல் நிறத்திலோ வேட்டியின் நிறத்திலோ. வேட்டியை அதன் இடுப்புப் பட்டியோடு இரண்டு மூன்று இடத்தில் இழையோட்டினால் காவடியில் சுழலும்போதும் அவிழாது. ஜிம்னாஸ்டிக் பழகுவோர் தாங்குபட்டி உள்ள வகையை எடுப்பது நல்லது, கால்களை விரித்துத் தாவும் பயிற்சிகளில் தேவைப்படும்.

9. மாதவிடாய் நாட்கள்

நிகழ்ச்சியன்று வரலாம் என்ற கணக்கோடு பையை ஆயத்தம் செய்யுங்கள். திடீரென்று வந்தால் பிள்ளை யாரிடமும் கேட்கக் கூச்சப்படும். இறக்கை உள்ள நப்கின், இறுக்கமான அடர்நிற உள்ளுடுப்பு, அதன்மேல் அடர்நிறச் சோட்ஸ். இரண்டு இறுக்கமும் சேர்ந்துதான் நப்கினை இடத்தில் வைத்திருக்கும். தளர்ந்த உள்ளுடுப்பில் அரைமண்டியின்போது அது விலகும். மேடையேற அரை மணிக்கு முன் மாற்றிக்கொள்ளட்டும். இதே அடுக்கோடு ஒருநாள் பயிற்சியில் ஆடிப் பார்த்திருந்தால் பயம் பாதியாகும். குழுவோடு போகும் ஆசிரியை மேலதிகமாக ஒரு பொதியும் இரண்டு அளவில் உள்ளுடுப்பும் வைத்திருந்து, அவை எங்கே இருக்கின்றன என்று எல்லோருக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

10. வாங்குவதா, தைப்பதா? செலவை எங்கே குறைப்பது?

நைலோன் லைக்ரா வகைகளை வாங்குங்கள். பருத்திப் பெனியன், அக்குள் துண்டு, பாவாடைக்குள் போடும் சோட்ஸ் ஆகியவற்றைத் தைக்கலாம். ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்த தையற்காரர் கிட்டடியில் இருந்தால் அவரிடம் கொடுங்கள், இழுபடும் துணியில் கைபழகியவர். சாதாரண நேர்த்தையல் இழுபட்டதும் அறுந்துவிடும். ஓவர்லொக், இல்லாவிட்டால் சிக்சாக் தையல், பொலியெஸ்டர் நூல், பின்னல் துணிக்கான முனை மழுங்கிய ஊசி. இந்த மூன்றையும் கேட்டுக் கொடுங்கள்.

ஒரு பிள்ளைக்கு மேலுக்கு இரண்டு, சோட்ஸ் இரண்டு போதும். பயிற்சிக்கு ஒன்று, மேடைக்கு ஒன்று, பயிற்சியில் நைந்ததும் மேடையினது அங்கே இறங்கும். காசு குறைவென்றால் முதலில் சோட்ஸுக்குச் செலவழியுங்கள், பெனியனை வீட்டில் இருப்பதை வெட்டித் திருத்திக்கொள்ளலாம். குழுவாக ஆடுவோர் துணியை ஒரே சுருளில் சேர்த்தெடுத்தால் நிறம் மாறாது, விலையும் பேசலாம். உள்ளுடுப்பைக் கடைக்காரர் பெரும்பாலும் திருப்பி எடுக்கமாட்டார். அளவுத் தாளோடு போங்கள், பற்றுச்சீட்டை வாங்குங்கள், முதலில் ஒன்றை மட்டும் எடுத்துப் பாருங்கள். அண்ணன், அக்காவின் மேலுடுப்பை இளையவருக்குக் கொடுக்கலாம், உள்ளுடுப்பை வேண்டாம்: சுகாதாரம் ஒருபுறம், தளர்ந்த இலாஸ்டிக் மறுபுறம்.

11. ஒத்திகையும் அன்றைய பையும்

முழு உடுப்போடு இதைச் செய்து பாருங்கள்: அரைமண்டியில் ஒரு நிமிடம், முழுமண்டியில் இருந்து எழும்புதல் பத்து முறை, கைகள் முழுதாக மேலே, முன்னால் குனிதல், இரண்டு பக்கமும் சுழற்சி. ஜிம்னாஸ்டிக் என்றால் முன்னுருளல், பின்னுருளல், பக்கக்கரணம், கால்விரிப்பு. முடிந்ததும் கழற்றிப் பார்த்து, சிவந்த இடத்தைக் குறித்து வைத்து அந்தத் தையலை மாற்றுங்கள். தொடை உரசுபவர்களுக்குச் சோட்ஸ் நீளத்தை 3 சென்ரிமீற்றர் கூட்டினாலே பெரும்பாலும் தீரும்.

முல்லைத்தீவிலிருந்தோ துணுக்காயிலிருந்தோ பஸ்ஸில் வருபவர்கள் மேடை உள்ளுடுப்பைப் பயணத்தில் போடாதீர்கள், போய்ச் சேரும்போதே நனைந்துவிடும். மாற்ற அறை இல்லாத இடத்துக்கு மட்டும் விதிவிலக்கு, அப்போது மேலதிகமாக ஒரு சோடி பையில் இருக்கட்டும். பெயர் எழுதிய துணிப்பை ஒன்றில் உலர்ந்தவை, பொலித்தீன் பையொன்றில் நனைந்தவை. சிறு துவாய், நூல் கோத்த ஊசி, ஓர் அடி இலாஸ்டிக், நப்கின், தண்ணீர்ப் போத்தல். பரீட்சை அனுமதி அட்டையும் அடையாள அட்டையும் இந்தப் பைக்குள் வேண்டாம், தனி உறையில் பெரியவர் கையில்.

12. தோய்ப்பதும் காயவைப்பதும்

வியர்வையோடு சுருட்டி வைத்து மறுநாள் தோய்த்தால் கரும்புள்ளி விழும், அது பிறகு போகாது. வந்த இரவே வெறும் தண்ணீரில் அலசிவிடுங்கள், சவர்க்காரம் காலையில் போடலாம். வன்னிக் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் கடினம். சவர்க்காரம் நுரைக்காமல் வெள்ளைப் படிவாகத் துணியில் தங்கி, மெல்லிய உள்ளுடுப்பை மொரமொரப்பாக்கும். சவர்க்காரத்தைக் குறைத்து, மூன்று முறை அலசி, கடைசி அலசலுக்கு ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி வினாகிரி விடுங்கள். மழைத்தண்ணீர் இருந்தால் அதுவும் போதும்.

லைக்ரா கலந்ததைச் சுடுதண்ணீரில் போடாதீர்கள், முறுக்கிப் பிழியாதீர்கள், இஸ்திரி போடாதீர்கள். உச்சி வெயிலில் கம்பியில் விட்டால் சில மாதத்தில் இழுவை போய்விடும். நல்ல காற்றுள்ள நிழலில், புழுதி வராத பக்கமாகக் காயப்போடுங்கள். பருத்தியை வெயிலில் விடலாம். காய்ந்ததும் இலாஸ்டிக்கை ஒருமுறை இழுத்துவிட்டுப் பாருங்கள். உடனே பழைய அளவுக்கு வராமல் அலையலையாக நின்றால், மேடைக்கு இனி அதை எடுக்காதீர்கள்.